கண்மாய்க் காகிதங்கள்

அரசு அச்சிடும் தாள்களில் பெரும்பாலானவை கடைக்கு வருவதில்லை. பதிப்பாளர் பட்டியலில் இடம்பெறுவதில்லை, மதிப்புரை பெறுவதில்லை, இரண்டாம் பதிப்பும் காண்பதில்லை. ஒரு துறையின் நிர்வாக அறிக்கை கொஞ்சம் படிகளே அச்சாகும். செயலகத்துக்கும் ஆட்சியர் அலுவலகங்களுக்கும் போகும். அடுத்த ஆண்டின் அறிக்கை வந்ததும் பழையது அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறும். அலுவலகம் இடம் மாறும் நாளில் எடைக்குப் போகும். இடையில் எங்காவது ஒரு நூலகம் கை நீட்டிப் பிடிக்காவிட்டால், அரசு தன் மக்களிடம் சொன்னது சொல்லாததாகிவிடும். தென் மாவட்டத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் நூலகத்தில் நான் வேலை பார்த்த காலத்தின் பெரும்பகுதி இப்படிக் கை நீட்டுவதில்தான் கழிந்தது.

நான் சேர்ந்த 1980களின் நடுப்பகுதியில் அங்கே ‘அரசு வெளியீடுகள்’ என்று ஒரு பிரிவு பெயரளவில் இருந்தது. மாடிப்படிக்குக் கீழே சணல் கயிறு கட்டிய கட்டுகள் கிடந்தன. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தொகுதிகள், ஐந்தாண்டுத் திட்ட வரைவுகள், பருவம் மற்றும் பயிர் அறிக்கைகள், சட்டமன்ற நடவடிக்கைகள் எல்லாம் கலந்து கிடந்தன. பல கட்டுகள் வந்த அஞ்சல் உறையோடு அப்படியே இருந்தன. இலவசமாக வந்தவை என்பதால் வரவுப் பதிவேட்டில் விலைக்கான கட்டத்தில் எழுத எதுவும் இல்லை. விலை இல்லாததைப் பதிவேட்டில் ஏற்ற யாருக்கும் அவசரமும் இல்லை. தலைமை நூலகர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “இந்தக் கட்டுகளைப் பிரிச்சு, என்னென்ன இருக்குன்னு ஒரு பட்டியல் போட்டுக் குடும்மா. அப்புறம் என்ன செய்யலாம்னு யோசிப்போம்.”

பட்டியல் போடும்போதே வாசகர்கள் வர ஆரம்பித்தார்கள். வரலாற்றுத் துறை மாணவர், பொருளியல் மாணவி, புவியியல் ஆசிரியர் என்று யார் வந்தாலும் கேள்வி சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்தது. இந்தக் கண்மாயின் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், முன்பு எத்தனை ஏக்கர்? மடையை எப்போது மாற்றிக் கட்டினார்கள்? வரத்துக் கால் எந்த ஆண்டில் தூர்ந்தது? வைகைக்கும் வைப்பாற்றுக்கும் இடைப்பட்ட மண்ணில் பிறந்தவர்களுக்கு இது புத்தகக் கேள்வி இல்லை. மழை பெய்தால் கண்மாய் பெருகும், கண்மாய் பெருகினால்தான் சோறு. என் தாத்தா ஊரில் பெண் கொடுப்பவர்கள் முதலில் விசாரித்தது நிலம் எந்த மடைப் பாசனத்தில் இருக்கிறது என்பதைத்தான்.

பொருளியல் துறைப் பேராசிரியர் ஒருவர் என் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “எல்லாத்தையும் சேர்த்தா எதுவும் சேராது. ஒண்ணைப் பிடிங்க, அதை முழுசாப் பிடிங்க” என்றார். அந்த ஒன்று தண்ணீர் என்று முடிவு செய்தோம். வைகை, வைப்பாறு, குண்டாறு, தாமிரபரணி, பெரியாறு அணையிலிருந்து வரும் நீர் ஆகியவை குறித்து எந்த அரசு எந்தக் காலத்தில் அச்சிட்டது எதுவானாலும் எங்கள் நூலகத்தில் இருக்க வேண்டும். பல்கலைக்கழக நூலகக் குழு அதற்கு ஒப்புதல் தந்தது. ஒரு தனி அறையும் கொடுத்தது.

எதைத் தேடுகிறோம் என்று அறிவதற்கே நெடுநாள் ஆயிற்று. முதலில் கைக்கு வந்தவை மாவட்டக் கையேடுகள். ஜே.எச். நெல்சன் 1868இல் மதுரை நாட்டைப் பற்றி எழுதிய கையேடு, ஏ.ஜே. ஸ்டூவர்ட்டின் 1879ஆம் ஆண்டுத் திருநெல்வேலிக் கையேடு, டபிள்யூ. பிரான்சிஸின் 1906ஆம் ஆண்டு மதுரை கெசட்டியர், எச்.ஆர். பேட்டின் 1917ஆம் ஆண்டுத் திருநெல்வேலி கெசட்டியர். இவை பெயர் பெற்றவை, மறுபதிப்பும் கண்டவை. பெரியாறு அணை பற்றி ஏ.டி. மெக்கன்சி எழுதிய வரலாறு 1899இல் சென்னை அரசு அச்சகத்தில் அச்சானது. 1886இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தானதையும், 1895இல் தண்ணீர் மலையைத் துளைத்துக் கிழக்கே வந்ததையும் ஒரு பொறியாளர் கணக்கு வழக்கோடு சொல்லும் நூல் அது.

பெயர் இல்லாத தாள்களில்தான் உயிர் இருந்தது. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. அதன் பிறகு 1883இல் அரசு கண்மாய் மராமத்துத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அளவையாளர் குழுக்கள் ஆற்றுப் படுகை வாரியாக ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு கண்மாய்க்கும் ஒரு குறிப்பு எழுதின. பாசனப் பொறியாளர்கள் இன்றும் அதை ‘மெமாயர்’ என்றுதான் சொல்கிறார்கள். நீர்ப்பிடிப்பு எத்தனை சதுர மைல், கரை எவ்வளவு நீளம், எத்தனை மடை, மடையின் அடிமட்டம் என்ன, உபரி நீர் வழியும் கலுங்கு எவ்வளவு அகலம், கண்மாய் நிறைந்தால் நீர் எந்த மட்டம் வரை நிற்கும், மறுகால் பாய்ந்து எந்தக் கண்மாய்க்குப் போகும் என்று எல்லாம் அதில் இருக்கும். ஒரு கண்மாய்க்குப் பிறப்புச் சான்று என்று ஒன்று உண்டென்றால் அதுதான்.

இவற்றோடு நில அளவை, வரித் திட்ட அறிக்கைகள், 1901 முதல் 1903 வரை ஆராய்ந்த பாசன ஆணையத்தின் அறிக்கை, 1972இல் வந்த இரண்டாவது பாசன ஆணையத்தின் அறிக்கை, 1986–87இல் முதன்முதலாக எடுத்த சிறுபாசனக் கணக்கெடுப்பு ஆகியவற்றைச் சேர்த்தோம். சட்டமன்ற நடவடிக்கைகளில் நான் எதிர்பாராத செல்வம் கிடைத்தது. வினா விடைப் பகுதியில் ஓர் உறுப்பினர் எழுந்து தன் தொகுதியின் ஒரு சின்னக் கண்மாயைப் பெயர் சொல்லி, அதன் மடை எப்போது பழுது பார்க்கப்படும் என்று கேட்பார். அமைச்சர் மதிப்பீட்டுத் தொகையையும் வேலை தொடங்கும் ஆண்டையும் சொல்வார். வேறெங்கும் அச்சேறாத ஊர்ப் பெயர்கள் அங்கே அச்சேறியிருந்தன. அந்தப் பதில்களை வரிசையாக வைத்துப் படித்தால், ஒரே மடைக்கு எத்தனை முறை வாக்குறுதி தரப்பட்டது என்பதும் தெரிந்துவிடும்.

இல்லாத தாள்களும் எங்களுக்குப் பாடம் சொல்லின. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களைப் பழைய மெமாயர்களில் தேடினால் கிடைக்காது. அவை ஜமீன்களுக்குள் இருந்தவை. அரசு நேரடியாக வரி வாங்கிய ரயத்துவாரி ஊர்களைத்தான் அரசின் அளவையாளர் அளந்தார். 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே அந்தக் கண்மாய்கள் அரசின் கைக்கு வந்தன. பொதுப்பணித் துறைப் பட்டியல்களில் ‘முன்னாள் ஜமீன் கண்மாய்’ என்று தனி வகையே உண்டு. சேதுபதி சமஸ்தானத்துக்கு 1889இல் டி. ராஜாராம ராவ் எழுதிய கையேடு எங்களுக்கு அதனால் இரட்டிப்பு மதிப்புள்ளதாயிற்று. ஒரு தொகுப்பில் எது ஏன் இல்லை என்று எழுதி வைப்பதும் நூலகரின் வேலை என்று அப்போது கற்றுக்கொண்டேன். மாணவர்கள் காலி இடத்தைப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்தில் அங்கே கண்மாயே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

சேகரிப்பது எப்படி? 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகள் நான்கு நூலகங்களுக்குப் போக வேண்டும். அவற்றில் ஒன்று சென்னைக் கன்னிமாரா. அரசு வெளியீடுகளுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். ஆனால் அலுவலகப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று அச்சிட்டவற்றுக்கு விலக்கு உண்டு. எங்களுக்கு வேண்டியவற்றில் பாதி அந்த விலக்குக்குள் போய்விட்டன. ஆகவே சட்டத்தை நம்பி உட்கார முடியவில்லை. கடிதம் எழுதினோம். ‘ந.க.எண்’ போட்டுப் பதில் வரும்: கோரிய படிகள் இருப்பில் இல்லை. நேரில் போனால் அதே அலுவலகத்தின் பதிவறையில் அதே அறிக்கை மூன்று படிகள் இருக்கும். இருப்பில் இல்லை என்று எழுதியவர் பொய் சொல்லவில்லை. பதிவறைக்குள் போய்ப் பார்க்க அவருக்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை. நாங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆயிற்று.

உதவியாளர் ஒருவரும் நானும் கோட்டப் பொறியாளர் அலுவலகங்களுக்கும் உட்கோட்ட அலுவலகங்களுக்கும் போனோம். எழுத்தர்கள் முதலில் எங்களைத் தணிக்கைக்கு வந்தவர்கள் என்றுதான் நினைப்பார்கள். “மேடம், இந்தக் குப்பையை யாரு படிக்கப் போறா?” என்று ஒரு கண்காணிப்பாளர் கேட்டார். அவர் அலுவலகத்துக் கண்மாய்ப் பட்டியல் ஒன்றை நகலெடுத்து, பெயர் அகரவரிசையில் ஓர் அடைவும் தட்டச்சு செய்து, கட்டி அவருக்கே திருப்பி அனுப்பினோம். அடுத்த மாதம் அவரே தொலைபேசியில் அழைத்தார். “மேடம், அந்த அடைவை வச்சு ஒரு கோப்பை அஞ்சு நிமிஷத்துல எடுத்துட்டோம். மேல்மாடியில இன்னும் ரெண்டு பீரோ இருக்கு, வந்து பாருங்க.” கேட்பதற்கு முன் கொடுப்பது என்ற வழக்கம் அன்றிலிருந்து எங்களோடு நின்றுவிட்டது. அலுவலகங்கள் எங்களை வேண்டாத பொருளைத் தள்ளிவிடும் இடமாகப் பார்க்காமல், தங்கள் நினைவின் இன்னொரு படியை வைத்திருக்கும் இடமாகப் பார்க்கத் தொடங்கின.

ஓய்வுபெற்ற பொறியாளர்களின் வீடுகளில் பெரும் புதையல் இருந்தது. ஒரு செயற்பொறியாளர் காலமான பிறகு அவர் மனைவி கடிதம் போட்டார். வீட்டை விற்கப் போகிறார்கள், டிரங்குப் பெட்டி ஒன்று இருக்கிறது, வந்து பாருங்கள். அதில் 1950களின் வைகை அணை மதிப்பீடுகள், வரைபடங்கள், 1959இல் அணை திறந்தபோது வெளியான சிறு பிரசுரம் எல்லாம் அவர் கையால் தேதி எழுதிய உறைகளில் இருந்தன. அந்த அம்மா எங்களுக்கு மோர் கொடுத்துவிட்டு, “அவர் இதையெல்லாம் தூசி தட்டுவாரு, படிப்பாரு, மறுபடி உள்ள வச்சுடுவாரு. பிள்ளைகளுக்கு இதுல நாட்டமில்லை. உங்ககிட்ட இருந்தா நாலு பேரு படிப்பாங்க” என்றார். சட்டமன்ற உறுப்பினர்களிடமும் கேட்டோம். ஒவ்வொரு மானியக் கோரிக்கையோடும் அமைச்சர் தரும் கொள்கை விளக்கக் குறிப்பு அவர்களுக்குக் கட்டாயம் கிடைக்கும். பதவிக்காலம் முடிந்ததும் அந்தக் கட்டுகள் பழைய பேப்பர் கடைக்குத்தான் போகும். கட்சி வேறுபாடு இல்லாமல் பலர் அனுப்பித் தந்தார்கள்.

சேர்ந்ததை அடுக்குவது அடுத்த பெரிய கேள்வி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக 1924இல் பொறுப்பேற்ற சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் எங்கள் தொழிலுக்குத் தந்தை. பொருள் வாரியாக நூல்களை அடுக்குவதுதான் நாங்கள் அவரிடம் கற்ற முறை. ஆனால் அரசு ஆவணத்தைப் பொருள் வாரியாகப் பிரித்தால் ஒரே துறையின் தொடர் அறிக்கைகள் அறை முழுவதும் சிதறிப்போகும். பொருளின்படி அல்லாமல், வெளியிட்ட அலுவலகத்தின்படி அடுக்கலாம் என்ற எண்ணத்தை அமெரிக்காவில் அடிலெய்டு ஹாசே என்ற நூலகர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லாஸ் ஏஞ்சல்ஸ் பொது நூலகத்தில் வேலை செய்தபோதே உருவாக்கினார். அங்கே அரசு ஆவணங்கள் இன்றும் அந்த வழியில்தான் அடுக்கப்படுகின்றன. நாங்கள் இரண்டையும் இணைத்தோம். அலமாரியில் வெளியிட்ட அலுவலகத்தின் வரிசை. அட்டைப் பேழையில் கண்மாய், கால்வாய், ஆறு, வட்டம் என்ற வரிசை.

அந்த அட்டைகளை எழுதுவதுதான் உண்மையான உழைப்பு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கண்மாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1879ஆம் ஆண்டுக் கையேட்டில் அது திருநெல்வேலி மாவட்டம். 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து இராமநாதபுரம் மாவட்டம் அமைத்தபோது அதில் சேர்ந்தது. 1985இல் இராமநாதபுரம் மூன்றாகப் பிரிந்தபோது காமராசர் மாவட்டம். 1997இல் மாவட்டங்களுக்கு இட்ட தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டபோது விருதுநகர் மாவட்டம். கண்மாய் இருந்த இடத்திலேயே இருந்தது, அதன் காகிதங்கள் நான்கு மாவட்டப் பெயர்களில் கிடந்தன. போதாக்குறைக்கு ஆங்கில அறிக்கைகளில் அதே ஊருக்கு மூன்று நான்கு எழுத்துக்கூட்டல்கள். 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பின் மெல்ல மெல்லத் தமிழில் வந்த தாள்களில் வேறு பெயர். எல்லாப் பெயர்களையும் ஒரே அட்டையில் கொண்டுவந்து, எந்தப் பெயரில் தேடினாலும் அந்த அட்டைக்கு வந்து சேரும்படி செய்தோம்.

ஆண்டுக் கணக்கும் அப்படித்தான். வருவாய்த் துறைக் கணக்கு பசலி ஆண்டில் ஓடும். ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும் அந்த ஆண்டோடு 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1286 என்றால் 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை, அதாவது தாது வருஷப் பஞ்சத்தின் நடுப்பகுதி. பசலிக் கணக்குப் பழக்கம் இல்லாத மாணவர்கள் தடுமாறுவார்கள் என்று இந்தக் கணக்கைப் பெரிய எழுத்தில் எழுதி அறைச் சுவரில் ஒட்டினோம். ஏக்கர் எப்போது எக்டேர் ஆனது, நூறு ஏக்கர் என்ற எல்லை எப்படி 40 எக்டேர் ஆனது என்பதையும் சேர்த்தோம். அந்த எல்லைக்கு ஒரு காரணம் உண்டு. 40 எக்டேருக்கு மேல் ஆயக்கட்டுள்ள கண்மாய் பொதுப்பணித் துறையிடம் (2021 முதல் நீர்வளத் துறையிடம்) இருக்கும், அதற்குக் கீழ் உள்ளது ஊராட்சி ஒன்றியத்திடம். சின்னக் கண்மாயின் தாளைப் பெரிய துறையில் தேடி மாணவர்கள் நாட்களைத் தொலைத்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

தாளைக் காப்பது தனி வேலை. 19ஆம் நூற்றாண்டின் பழைய அச்சுகள் கந்தல் துணிக் கூழில் செய்த தாளில் இன்னும் வெண்மையாக இருந்தன. 1940களின் போர்க்கால வெளியீடுகள் கை பட்டாலே பொடியாயின. ராமபாணம் துளைத்த தொகுதிகளைத் தனியே வைத்து, பக்கம் பக்கமாகப் பார்த்துத் தட்டி எடுத்தோம். அறிக்கைகளின் பின்னால் மடித்து வைத்த வரைபடங்கள் மடிப்பில் கிழிந்திருந்தன. அவற்றைப் பிரித்து இரும்பு இழுப்பறைகளில் விரித்து வைத்தோம், எந்த நூலிலிருந்து எடுத்தது என்ற எண்ணோடு. பைண்டிங் செய்பவரிடம் ஓரத்தை வெட்ட வேண்டாம் என்று ஒவ்வொரு கட்டுக்கும் சொல்வேன். “அக்கா, வெட்டாம எப்படிப் புஸ்தகம் லட்சணமா இருக்கும்?” என்பார். ஓரத்தில் ஒரு பொறியாளர் பென்சிலால் எழுதிய மட்டக் குறிப்பைக் காட்டினேன். அதைப் படித்துப் பார்த்துவிட்டு, அன்று முதல் அவரே மற்ற பையன்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தார்.

1990களில் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வு மாணவி வந்தாள். எங்களிடம் விடுபட்டிருந்த 1960களின் பொதுப்பணித் துறை அறிக்கைகளைத் தன் பல்கலைக்கழக நூலகத்தில் பார்த்ததாகச் சொன்னாள். எப்படி அங்கே போயின என்று விசாரித்தபோது பி.எல். 480 கதை தெரிந்தது. 1954ஆம் ஆண்டின் அந்த அமெரிக்கச் சட்டப்படி இந்தியாவுக்குக் கோதுமை வந்தது, அதற்கான விலையை இந்தியா ரூபாயில் செலுத்தியது. அந்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு 1962 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தில்லி அலுவலகம் இந்திய நூல்களையும் அரசு வெளியீடுகளையும் வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. சிகாகோவிலும் பெர்க்லியிலும் விஸ்கான்சினிலும் தென்னாசியத் தொகுப்புகள் வளர்ந்தது அப்படித்தான். கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் கவனமாகக் காத்து வைத்திருக்கிறார்கள், பட்டியலிட்டிருக்கிறார்கள். எங்களுக்கு வேண்டிய பக்கங்களை நகலெடுத்தும் அனுப்பினார்கள். ஆனால் திருமங்கலத்துக்காரர் தன் ஊர்க் கண்மாயைப் பற்றிப் படிக்கக் கடல் தாண்ட வேண்டியிருப்பது நியாயமில்லை. அந்தத் தாள்களின் ஒரு படியாவது வைகைக் கரையில் இருந்தே ஆக வேண்டும் என்ற உறுதி அன்று எங்கள் எல்லோருக்கும் இரட்டிப்பாயிற்று.

திருமங்கலம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்தப் பக்கத்தில் ஒரு கண்மாய்க்கு மேலே இருந்த ஊருக்கும் கீழே இருந்த ஊருக்கும் கலுங்கு பற்றித் தகராறு. கீழ் ஊர்க்காரர்கள் கலுங்கில் நிற்கும் கற்களின் இடைவெளியைச் சிமென்ட் பூசி நிரந்தரமாக அடைத்துவிட்டார்கள், கண்மாயில் கூடுதல் தண்ணீர் நிற்கட்டும் என்று. அந்தத் தண்ணீர் மேல் ஊர்க்காரர்களின் நஞ்சையில் ஏறி நின்றது. இரண்டு பக்கமும் வழக்கம் தங்கள் பக்கம்தான் என்றார்கள். மேல் ஊரிலிருந்து ஒரு பெரியவர் பேரனைக் கூட்டிக்கொண்டு எங்கள் நூலகத்துக்கு வந்தார். வாயிற்காவலர் உறுப்பினர் அட்டை கேட்டார். பெரியவர் வேட்டி முனையில் முடிந்திருந்த நிலவரி ரசீதை எடுத்து நீட்டினார்.

அவரை உட்காரவைத்து மெமாயரை எடுத்துக் காட்டினேன். கலுங்கின் அடிமட்டம், கற்களின் உயரம், பருவமழை ஓய்ந்த பிறகு மட்டும் கற்களுக்கிடையே மண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்துக்கொள்ளலாம் என்ற ஊர் வழக்கு எல்லாம் அதில் இருந்தன. பேரன் வாசித்தான், நான் விளக்கினேன். பெரியவர் கடைசி வரை கேட்டுவிட்டுச் சொன்னார்: “தாயீ, இதை அவங்களுக்கும் ஒரு காப்பி குடுங்க. நாங்க மட்டும் வச்சிருந்தா நம்ப மாட்டாங்க.” இரண்டு ஊருக்கும் ஜெராக்ஸ் கொடுத்தோம். கோட்டாட்சியர் நடத்திய சமாதானக் கூட்டத்தில் அந்தத் தாளை வைத்துத்தான் பேசினார்கள். சிமென்டை உடைத்து எடுக்க ஒப்புக்கொண்டார்கள் என்று பேரன் பிறகு எழுதினான்.

அந்தப் பெரியவரால் எங்கள் நூலகத்தின் விதி மாறியது. ஆவண அறைக்கு மட்டும் உறுப்பினர் அல்லாதவரும் பெயர் எழுதிவிட்டு வரலாம் என்று துணைவேந்தரிடம் ஒப்புதல் வாங்கினேன். 2004இல் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை திறந்தது, வழக்கறிஞர்கள் வந்தார்கள். 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது, என்ன கேட்க வேண்டும் என்று அறிய மக்கள் வந்தார்கள். எந்த அலுவலகத்தில் எந்தப் பதிவேடு இருக்கிறது என்று தெரியாமல் கேட்டால் ‘தகவல் இல்லை’ என்ற பதிலே கிடைக்கும். எங்கள் அட்டைப் பேழையைப் பார்த்துப் பதிவேட்டின் பெயரையும் ஆண்டையும் குறிப்பிட்டுக் கேட்டவர்களுக்குப் பதில் கிடைத்தது. 2007இல் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தபோது, எது கண்மாய் எல்லை என்ற கேள்வி ஊர் ஊராக எழுந்தது. பழைய வரைபடங்களின் இழுப்பறைகள் அந்தக் காலத்தில் ஓயாமல் திறந்து மூடின.

இப்போது எல்லாம் இணையத்தில் இருக்கிறதே, இனி எதற்கு இந்த அறை என்று கேட்கிறார்கள். பழையவை பல மின்னுருவாகியிருப்பது பெரிய நன்மை. ஊரில் இருந்துகொண்டே கெசட்டியரைப் படிக்க முடிகிறது. ஆனால் புதியவற்றின் கதி எனக்குக் கவலை தருகிறது. அச்சான அறிக்கைக்கு எங்காவது ஒரு மூலையில் இன்னொரு படி இருக்கும். இணையத்தில் மட்டும் வந்த அறிக்கை, தளம் புதுப்பிக்கப்படும் நாளில் முகவரி மாறிப்போகிறது. துறை பிரிந்தால் பழைய துறையின் பக்கத்தோடு காணாமல் போகிறது. 2021இல் பொதுப்பணித் துறையிலிருந்து நீர்வளத் துறை தனியாகப் பிரிந்தபோது, ஓய்வுபெற்றிருந்த நான் என் இடத்தில் இருக்கும் பெண்ணுக்குத் தொலைபேசியில் சொன்ன முதல் வார்த்தை, “பழைய துறையின் தாள்களையெல்லாம் இன்றைக்கே இறக்கி வைம்மா” என்பதுதான். அவள் ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தாள். தேதி, எடுத்த முகவரி, பக்க எண்ணிக்கை எழுதி அட்டையும் போட்டிருந்தாள்.

தனி அறிக்கை ஒன்றுக்கு மதிப்பு குறைவு. வரிசைக்குத்தான் மதிப்பு. ஓர் ஆண்டின் பருவம் மற்றும் பயிர் அறிக்கை அந்த ஆண்டில் கண்மாய்ப் பாசனம் எத்தனை எக்டேர் என்று சொல்லும், அவ்வளவுதான். அறுபது ஆண்டு அறிக்கைகளை அடுத்தடுத்து வைத்தால் கண்மாய்ப் பாசனம் சுருங்கிக் கிணற்றுப் பாசனம் பெருகியது கண்ணுக்குத் தெரியும். நடுவில் பத்து ஆண்டு விடுபட்டால், அந்தப் பத்தில் என்ன நடந்தது என்று யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். அரசும் சொல்லலாம், அரசை எதிர்ப்பவரும் சொல்லலாம். வரிசை அறுபடாமல் இருந்தால் இருவரும் ஒரே தாளைப் பார்த்துப் பேசியாக வேண்டும். மக்களாட்சியில் ஒரு பல்கலைக்கழக நூலகம் செய்யக்கூடிய இதைவிடப் பெரிய தொண்டு எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் இத்தனை பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றியுள்ள மண்ணின் ஒரு பொருளை எடுத்துக்கொள்ளட்டும். தஞ்சைப் பக்கத்தில் காவிரிப் பாசனம், கொங்கில் நொய்யலும் சாயப்பட்டறையும், வடக்கே பாலாறும் தோல் தொழிலும், கடற்கரையில் மீன்வளமும் உப்பும். எல்லாவற்றையும் சேர்க்க வேண்டாம், ஒன்றை முழுதாகச் சேர்த்தால் போதும். அதற்குப் பெரிய நிதி தேவையில்லை. விடாமல் கேட்கும் ஓர் ஆளும், பூட்டாத ஓர் அறையும், ஊர்க்காரர் வந்தால் உட்காரச் சொல்லும் பழக்கமும் வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் மானியக் கோரிக்கை விவாதம் முடிந்ததும் உங்கள் பொருளுக்குரிய கொள்கை விளக்கக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள், அன்றே பதிவேட்டில் ஏற்றுங்கள். அடுத்த ஆண்டும் அதையே செய்யுங்கள். முப்பது ஆண்டு கழித்து ஒரு விவசாயி அரசிடம் கேள்வி கேட்க வருவார். அப்போது அவர் கையில் கொடுக்க உங்களிடம் தாள் இருக்க வேண்டும்.